மலைமேல் சிக்னல் எப்படி வருகிறது? நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போன், நெட், டிஷ், ரேடியோ என்று எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் நம் ஊரில் பேச்சு "டவர் சரியில்லை" என்பதில்தான் முடியும். பாதி நேரம் டவர்மீது ஒரு பிழையும் இருக்காது. கோத்தகிரி, குன்னூர், உதகை, கூடலூர் பக்கம் டீக்கடையிலும் எஸ்டேட் ஆபீஸிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நான் கோத்தகிரியில் இருந்து கோயம்புத்தூருக்குப் பேசினால், பேச்சு காற்றிலேயே போய்ச் சேருகிறதா?

இல்லை. முதலில் காற்றில் போவது உங்கள் போனில் இருந்து டவர் வரை மட்டும். அதிகம் போனால் சில கிலோமீட்டர். அங்கிருந்து ஒன்று மைக்ரோவேவ் டிஷ் வழியாக இன்னொரு மலைக்குத் தாவும், அல்லது கண்ணாடி இழைக்குள் (ஃபைபர் என்பது இதுதான்) இறங்கிச் சாலையோரமாகவே மேட்டுப்பாளையம் போகும். சில பேச்சுகள் இரண்டையும் பார்த்துவிடும். எதிர்முனையில் இருப்பவரின் போனுக்குள் நுழையும்போது மறுபடியும் காற்று. எஸ்டேட் ஆபீஸில் பழைய லேண்ட்லைன் இருந்தால் கணக்கில் செம்புக் கம்பியும் சேரும். ஒரே பேச்சு நாலைந்து முறை உருமாறுகிறது. எந்த இடத்தில் அறுந்தாலும் நமக்குக் கேட்பது "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற ஒரே குரல்தான்.

போனில் சிக்னல் கோடு எல்லாம் முழுசா இருக்கு. ஆனா நெட் சுத்திக்கிட்டே இருக்கே?

இங்கே அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் டவருக்கும் நடுவில் உள்ள கடைசித் துண்டை மட்டுமே அளக்கின்றன. டவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. டவர் நன்றாக இருந்து, அதை மலைக்குக் கீழே இணைக்கும் வழி அறுந்திருந்தால், கோடு முழுசாகத்தான் காட்டும். உள்ளே ஒன்றும் இருக்காது.

மலையில் பல டவர்கள் அடுத்த டவரோடு பேசுவது மைக்ரோவேவ் டிஷ்ஷால். டவரில் மத்தளம் மாதிரி வட்டமாகத் தொங்குவது அதுதான். அதன் கற்றை ஓரிரு டிகிரி அகலமே இருக்கும். ஆடிக் காற்றில் டிஷ் சற்றே திரும்பிவிட்டால் போதும், கற்றை எதிர் மலையைத் தாண்டி எங்கோ போய்விடும். இரண்டு டிஷ்ஷும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் மட்டும் போதாது. அலை ஒரு நூல்கோடாகப் போவதில்லை, நடுவழியில் தடித்துப் போகிறது. 10 கி.மீ. தூரத்தை 7 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கடந்தால், நட்டநடுவில் சுற்றிலும் சுமார் 10 மீட்டர் ஆரத்துக்கு அலைக்கு இடம் வேண்டும். அதில் பாதிக்குமேல் காலியாக இல்லையென்றால் இணைப்பு தடுமாறும். டிஷ் மாட்டிய வருஷம் பள்ளத்தாக்கின் நடுமேட்டில் இடுப்பளவு இருந்த சில்வர் ஓக்கும் கற்பூர மரமும் பத்து வருஷத்தில் எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். டவர் அப்படியேதான் இருக்கிறது. மரம் வளர்ந்துவிட்டது.

மூன்றாவது காரணம் கூட்டம். மே மாதம் மலர்க்காட்சிக்கு உதகையில் வந்து குவிபவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால், பின்னால் உள்ள குழாய் நிரம்பிவிடும்.

கண்டுபிடிக்க ஓரளவு வழி உண்டு. கோடு இருக்கிறது, பேச முடிகிறது, நெட் மட்டும் சாயங்காலம் மெதுவாகிறது என்றால் பெரும்பாலும் கூட்டம்தான். கோடு இருக்கிறது, பேச்சும் இல்லை, நெட்டும் இல்லை என்றால் டவருக்குப் பின்னால் அறுந்திருக்கிறது. கோடே காணாமல் போனால் டவருக்குக் கரண்ட் இல்லை என்று சந்தேகப்படலாம்.

ஊர்க் கூட்டங்களில் "எங்கள் ஊருக்கு டவர் வேண்டும்" என்று மனு எழுதுகிறோம். அதோடு இன்னொரு வரியும் எழுத வேண்டும்: அந்த டவர் எந்த வழியாகக் கீழே இறங்கும், அந்த வழி அறுந்தால் மாற்று வழி எது? இதைக் கேட்காமல் வாங்கிய டவர் மழைக்காலத்தில் வெறும் இரும்புதான்.

செம்புக் கம்பிக்குள் என்ன ஓடுகிறது? எலக்ட்ரானா?

எலக்ட்ரான் ஓடித்தான் செய்தி போகிறது என்று பலர் நினைக்கிறோம். எலக்ட்ரான் கம்பிக்குள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட முன்னேறுவதில்லை. ஓடுவது கம்பியை ஒட்டி நகரும் மின்காந்த அலை. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டு கம்பிகளை முறுக்கிப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் கரண்ட் கம்பி போனால் அதன் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும்.

செம்பின் எதிரி தூரம். அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். அதனால் பேச்சுக்குப் பல கிலோமீட்டர் தாங்கிய அதே ஜெல்லி கேபிள் (தண்ணீர் புகாமல் உள்ளே ஜெல்லி நிரப்பிய செம்புக் கேபிள்), பிராட்பேண்ட் வந்ததும் திணறியது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் 20 மெகாபிட்டை ஒட்டிக் கிடைத்த இணைப்பு, 5 கி.மீ. தள்ளி இருக்கும் எஸ்டேட்டில் ஒன்றிரண்டு மெகாபிட்டாகத் தேய்ந்துவிடும். நம் மலையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இல்லை. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரியும் வீட்டுக்குக் கம்பி மலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இன்னொரு தொல்லை மின்னல். சித்திரை, ஐப்பசி இடி நாட்களில் நீளமான செம்பு லைன் இடியின் அதிர்ச்சியை அப்படியே வீட்டு மோடத்துக்குக் கொண்டுவரும். ஃபைபரில் அந்தப் பயம் இல்லை. ஆனால் கேபிளைச் சுற்றி இரும்புக் கவசமோ தாங்கு கம்பியோ இருந்தால் அதற்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும்.

பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் அடிக்கும். ஃபைபர் போன் ஏன் செத்துப் போகிறது?

லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியே அந்தச் செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் அனுப்பும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டு மோடத்துக்கு வீட்டுக் கரண்ட்தான். 12 வோல்ட் தரும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை மோடத்துக்கு மட்டும் மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். மரம் விழுந்து கரண்ட் போகும் மாதங்களில் மலையில் இது ஆடம்பரம் இல்லை.

கேபிள் டி.வி. கம்பி தடிமனாக இருக்கிறதே, அது வேறு வகையா?

செம்புதான், அமைப்பு வேறு. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி நுரை, அதன்மேல் வலைக் கவசம். அலை கவசத்துக்குள்ளேயே அடைபட்டுப் போவதால் வெளி இரைச்சல் குறைவு, நிறைய சேனலும் கொள்ளும். ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். அதனால்தான் வழிநெடுக ஆம்ப்ளிஃபயர் பெட்டி.

ஃபைபரில் ஒளி எப்படிப் போகிறது? கம்பி வளைந்தால் ஒளியும் வளையுமா?

ஒளி போகும் கண்ணாடி நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி 125 மைக்ரான் வரை இன்னொரு வகைக் கண்ணாடி. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதற்கு ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் திறன், சற்றுக் குறைவு. அதனால் சாய்வாகப் போய் எல்லையைத் தொடும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடுகிறது. மெதுவான வளைவு வரை இது நடக்கும். விரல் தடிமனுக்கு மடக்கிச் சுவர் மூலையில் ஆணி அடித்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். வீட்டுக்குள் நெட் மெதுவாவதற்கு இப்படி மடக்கி அடித்த ஆணி ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கண்ணாடியின் கதை சுவாரஸ்யமானது. 1966-இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ், கண்ணாடியில் உள்ள மாசுதான் ஒளியைத் தின்கிறது, அதை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் (டெசிபல் என்பது இழப்பை அளக்கும் அலகு) இழப்பைக் கொண்டுவரலாம், அப்போது தொலைத்தொடர்புக்கே பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதைச் செய்து காட்டியது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவுதான். 3 டெசிபல் என்றால் பாதி போய்விட்டது என்று பொருள். அந்தக் கணக்கில் 15 கி.மீ. ஓடிய பிறகும் பாதி ஒளி மிச்சம் இருக்கும். மேலே சொன்ன கேபிள் டி.வி. கம்பியில் 1 கிகாஹெர்ட்ஸ் அலை பாதியாவதற்குச் சுமார் 15 மீட்டர் போதும். கிலோமீட்டருக்கும் மீட்டருக்கும் உள்ள இந்த ஆயிரம் மடங்கு வித்தியாசம்தான் செம்பை ஓரங்கட்டியது.

அப்படியென்றால் ஃபைபரில்தான் சிக்னல் வேகமாகப் போகிறது?

அதுதான் இல்லை. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. காற்றில் ரேடியோ அலை ஏறத்தாழ 3 லட்சம். செம்பும் கண்ணாடியும் வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்று. மைக்ரோவேவ் டிஷ் இரண்டையும் முந்திவிடும். விளம்பரத்தில் 'வேகம்' என்று சொல்வது ஒரு நொடிக்கு எவ்வளவு தரவு கொள்ளும் என்பதை. அதில் ஃபைபருக்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. உதகையில் இருந்து சென்னைக்கு 550 கி.மீ. இழை என்று வைத்தால், ஒளி போய்ச் சேர 3 மில்லிசெகண்ட்கூட ஆகாது. உங்களுக்குத் தாமதம் தெரிகிறது என்றால் அது வழியில் உள்ள கருவிகளிலும், தரவு ஊர் சுற்றிப் போகும் பாதையிலும் ஆனது.

ஃபைபர் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. நான் என்ன செய்யலாம்?

ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். மோடத்தை பத்து முறை அணைத்துப் போட்டாலும் வராது. இழை எங்கேனும் மடங்கியிருக்கிறதா, முனை கழன்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து 'ஒளி வருதா' என்று பார்க்காதீர்கள். உள்ளே வருவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம். மற்றது லைன்மேன் வேலை. அவர் கொண்டுவரும் கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து எத்தனையாவது மீட்டரில் அறுந்தது என்று சொல்லிவிடும். இரண்டு முனைகளையும் மின்பொறியில் உருக்கி ஒட்டுவதற்குச் சில நிமிஷம்தான். அந்த மீட்டர் எந்தக் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, எந்தப் புதருக்குள் என்று தேடுவதற்குத்தான் அரை நாள் போகிறது.

கேபிளை மண்ணுக்குள் புதைப்பது நல்லதா, கம்பத்தில் கட்டுவது நல்லதா?

சமவெளிக்காரரைக் கேட்டால் புதைக்கச் சொல்வார். இங்கே இரண்டுமே அரைகுறைதான். புதைத்தால் மண்சரிவு. 2009 நவம்பரில் மலையே ஆங்காங்கே இறங்கியபோது சாலையோடு சேர்ந்து அதன் ஓரத்தில் இருந்த எல்லாமும் போயின. சாலை அகலப்படுத்த வரும் பொக்லைனும் மழைக்குச் சளைத்ததல்ல. கம்பத்தில் கட்டினால் காற்று, விழும் மரம், கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடும் குரங்கு. மேலே கட்டியதைச் சீக்கிரம் சரிசெய்யலாம், அடிக்கடி அறும். புதைத்தது அபூர்வமாக அறும், அறுந்தால் நாள்கணக்கு.

என்னைக் கேட்டால், எப்படிப் போடுவது என்பதைவிட எத்தனை வழியில் போடுவது என்பதே முக்கியம். மேட்டுப்பாளையத்தில் இருந்து பர்லியாறு, குன்னூர் வழி ஒன்று. கோத்தகிரி வழி இன்னொன்று. கூடலூர் வழியாக மைசூர்ப் பக்கம் மூன்றாவது. மஞ்சூர், முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் சாலையும் இருக்கிறது. இவற்றில் இரண்டைச் சேர்த்து வளையமாகப் போட்டிருந்தால், ஒரு பக்கம் சரிந்தாலும் தரவு மறுபக்கம் திரும்பிவிடும். இரண்டு கேபிளையும் ஒரே சாலையின் இரண்டு ஓரத்தில் போட்டுவிட்டு 'வளையம்' என்று சொன்னால் அது காகிதத்தில் மட்டும்தான் வளையம்.

மூடுபனி இறங்கினால் சிக்னல் போகிறதே. பனி சிக்னலைத் தின்கிறதா?

எல்லோரும் உறுதியாக நம்புவது இது. ஆனால் பனிக்கு இதில் பங்கு இல்லை. பனியில் உள்ள நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு. போன் அலையின் நீளம் 900 மெகாஹெர்ட்ஸில் 33 செ.மீ. அவ்வளவு பெரிய அலை இவ்வளவு சின்னத் துளியைக் கண்டுகொள்ளாது. எதிரே வரும் லாரி தெரியாத அளவு மூடியிருந்தாலும் போன் சிக்னலில் அளக்கத்தக்க குறைவு இருக்காது.

ஒளி வேறு. அதன் அலைநீளம் துளியைவிடச் சின்னது, அதனால் சிதறிப் போகும். இரண்டு மலைக்கு இடையே காற்றில் லேசர் விட்டு இணைக்கும் கருவிகள் உண்டு. வறண்ட ஊருக்கு அவை சரி. குன்னூர் போன்ற இடத்தில் பனிக்கால மாலையில் கண்மூடிவிடும்.

மழை நடுவில் நிற்கிறது. மழைத்துளி சில மில்லிமீட்டர். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அலை சுருங்கி மழைத்துளியின் அளவை நெருங்கும், இழப்பு ஏறும். நேராகக் கொட்டும் மழையில் 80 கிகாஹெர்ட்ஸ் டிஷ் சில கிலோமீட்டர்கூடத் தாங்காது. அதே தூரத்துக்கு 7 கிகாஹெர்ட்ஸ் டிஷ் அசையாது. அவலாஞ்சி, எமரால்டு பக்கத்து மழைக்குப் பழைய, குறைந்த அலைவரிசை டிஷ்தான் லாயக்கு.

பிறகு ஏன் பனி நாளில் சிக்னல் போகிறது? பனியும் மழையும் காற்றும் சேர்ந்தே வருகின்றன. எங்கோ மரம் ஈ.பி. லைனில் விழுகிறது. டவர் பேட்டரியில் ஓடுகிறது. சில மணி நேரத்தில் பேட்டரி தீர்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வேண்டிய சாலையிலும் மரம். பழி பனிமேல் விழுகிறது.

எதிர் மலையில் டவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் சிக்னல் இல்லையே?

முதலில் அது உங்கள் சிம் கம்பெனி ஏறிய டவரா என்று பாருங்கள். இரண்டாவது, ஆன்டெனா எல்லாப் பக்கமும் சமமாக வீசுவதில்லை. ஊர் இருக்கும் திசைக்குத் திருப்பி, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத்தான் மாட்டுகிறார்கள். டவருக்கு மேலே, முதுகுப்பக்கச் சரிவில் வீடு இருந்தால் கண்ணுக்குத் தெரியும், கற்றை வராது.

குன்னூர் பக்கத்துக் காட்சிமுனையான லேம்ஸ் ராக்கில் நின்றால் கோயம்புத்தூர் விளக்குகள் தெரியும். நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. நடுவில் தடையே இல்லை. ஆனாலும் கோயம்புத்தூரில் உள்ள 2ஜி டவரில் பேச முடியாது. 2ஜி முறையில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு கண நேரம் ஒதுக்கப்படும். 35 கி.மீ.க்கு அப்பால் இருந்து வரும் பதில் தாமதமாகி அடுத்தவர் நேரத்தில் விழும் என்பதால் டவர் அதை ஏற்காது. 4ஜியில் இந்த எல்லை பெரிது. ஆனால் போனின் சக்தி 0.2 வாட்தான். டவர் சொல்வது போனுக்கு எட்டினாலும் போன் சொல்வது டவருக்கு எட்டாது.

5ஜி வந்தால் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் எங்கள் ஊருக்கு நல்லதா?

எந்த அலைவரிசையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாட்டுப் போட்டால் சுவர் தாண்டி நமக்குக் கேட்பது மேளத்தின் தம்தம்தான், பாடகரின் உச்சக்குரல் அல்ல. ரேடியோ அலையும் அப்படியே. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலை மேட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். 3500 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவாக வளையாது. நனைந்த இலைகளிலும் அதிகம் தேயும். உதகை கமர்ஷியல் ரோட்டில் பறக்கும் 5ஜி, இரண்டு மேடு தாண்டி இருக்கும் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) வராமல் போகலாம். பள்ளத்தாக்குக்கு 700 மெகாஹெர்ட்ஸ்தான் கை கொடுக்கும். வேகம் குறைவு, ஆனால் வரும்.

எஸ்டேட் லைன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பேச முடிகிறது. உள்ளே போனால் கட்.

தகரக் கூரை. உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். உங்களுக்கு வரும் சிக்னல் ஜன்னல், கதவு வழியாக நுழைவதுதான். பழைய பங்களாக்களில் கல்சுவர் அதே வேலையைச் செய்கிறது. டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம்தான் நல்ல இடம். வீட்டில் ஃபைபர் இருந்தால் போனில் வைஃபை காலிங்கை இயக்கிவிடுங்கள், டவரே தேவையில்லை. ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்க வேண்டாம். அனுமதி இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். அதோடு உங்கள் பூஸ்டரின் இரைச்சல் டவரையே குழப்பி, ஊருக்கே பேச்சைக் கெடுக்கும்.

டிஷ் டி.வி. மட்டும் எல்லாப் பள்ளத்திலும் எடுக்கிறதே?

அது பக்கவாட்டில் வருவதில்லை, மேலிருந்து வருகிறது. டி.டி. ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு நேர் மேலே நிற்கிறது. நீலகிரியில் இருந்து பார்த்தால் தென்கிழக்கில், தரையில் இருந்து 60 டிகிரிக்கும் மேலான உயரத்தில். அவ்வளவு உயரத்தை மறைக்கும் மலை அபூர்வம். மரம் மறைக்கலாம். கனமழையில் நிற்பதற்குக் காரணம் மேலே சொன்ன கணக்குதான்: அதன் அலைவரிசை 11, 12 கிகாஹெர்ட்ஸ்.

அந்த உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. செயற்கைக்கோள் பூமிக்கு மேல் 35,786 கி.மீ. ஏறி இறங்க கால் நொடி. டி.வி.க்குப் பரவாயில்லை. அதில் போன் பேசினால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அரை நொடி மௌனம் விழும்.

கோடை எஃப்.எம். மட்டும் எப்படித் திருச்சி வரை கேட்கிறது?

உயரம்தான். எஃப்.எம். அலை பூமியின் வளைவைத் தாண்டிப் பெரிதாக வளையாது. ஆனால் கொடைக்கானலில் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பும் இடம் சமவெளியைவிடச் சுமார் 2000 மீட்டர் உயரம். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 180 கி.மீ. மதுரை, திருச்சி இரண்டும் அதற்குள். பழனி மலைக்கும் நமக்கும் நடுவில் வேறு முகடுகள் இருப்பதால் நீலகிரியில் தென்கிழக்கைப் பார்த்த சரிவுகளில்தான் அதைப் பிடிக்க முயல வேண்டும்.

இரவில் மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் கேட்பது வேறு கதை. பகலில் அந்த அலையை விழுங்கும் மேல்வளிமண்டல அடுக்கு ஒன்று சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அலை அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி வரும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உதகை பக்கத்து முத்தோரையில் இருக்கும் அந்த நீளமான டெலஸ்கோப் சிக்னல் அனுப்புகிறதா?

இல்லை, அது ரேடியோ டெலஸ்கோப். விண்ணில் இருந்து வரும் ரேடியோ அலையைக் கேட்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைக்கப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கியது. கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். அதை உதகையில் வைத்ததற்கு அழகான காரணம் உண்டு. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சரிவுள்ள மலைப்பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அதில் டெலஸ்கோப்பைப் படுக்க வைத்ததும் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் வானத்துப் பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். நம் சரிவு எல்லோருக்கும் தொல்லை இல்லை. விண்ணில் இருந்து வருவது வெற்றிடத்தைக் கடந்து வரும் அலை. அங்கே மழையும் இல்லை, சில்வர் ஓக்கும் இல்லை. தூரம் மட்டும்தான் அதைத் தேய்க்கிறது.

முதுமலைக் காட்டுக்குள் நம் போன் செத்துக் கிடக்கும்போது வனத்துறை வாக்கி-டாக்கி மட்டும் எப்படிப் பேசுகிறது?

அது சுமார் 2 மீட்டர் நீள அலை. மரங்களுக்குள் போன் அலையைவிட நன்றாக நுழையும். அதோடு, உயரமான ஓர் இடத்தில் ரிப்பீட்டர் வைத்தால், அது ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். இரண்டு பள்ளங்களில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தேவையில்லை, இருவரும் அந்த உச்சியைப் பார்த்தால் போதும்.

உங்களிடம் போன் மட்டும் இருந்து ஆபத்து என்றால் 112-ஐ அழுத்துங்கள். உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், வேறு எந்தக் கம்பெனி டவர் எட்டினாலும் அந்த அழைப்பைப் போன் அதன் வழியே அனுப்பும். கோடு ஒன்றும் காட்டவில்லை என்று முயற்சி செய்யாமல் விட்டுவிடாதீர்கள். பள்ளத்தில் நின்று அழைப்பதைவிட, மேட்டுக்கு ஏறி, வானம் திறந்த இடமாகப் பார்த்து அழையுங்கள்.